கரி படிந்த குழாய்

ரப்பர் ட்யூபை வெட்டி எடு, இழுக்காதே என்று கெமிஸ்ட்ரி வாத்தியார் ராஜமணி சார் நூறு தடவை சொல்லியிருக்கிறார். நான் இழுத்தேன். ஒரு சாண் ரப்பரை மிச்சம் பிடிக்கப் போய், பள்ளிக்கூட லேபில் ஆவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்குகிற ஒரே கண்டென்சரின் வெளிக்குழாயில் தண்ணீர் நுழைகிற மூக்கை ஒடித்துவிட்டேன்.

மறுநாள் பிளஸ் டூ முதல் செட்டுக்குக் கெமிஸ்ட்ரி பிராக்டிகல். அதற்கு வேண்டிய காய்ச்சி வடித்த தண்ணீர் அந்தக் கண்டென்சரில்தான் இறங்க வேண்டும். நான் லேப் உதவியாளராகச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. என் வேலை நிரந்தரமாவதும் ஆகாததும் சார் எழுதிக்கொடுப்பதில் இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் இரண்டு பிளாஸ்க்கை உடைத்துத்தான் வீட்டுக்குப் போனார். நான் வாயே திறக்கவில்லை.

சார் உத்தமபாளையம் போயிருந்த நேரம் பார்த்து, தேனியிலிருந்து அய்யாத்துரை அண்ணாச்சியை வரவழைத்தேன். ஊர் ஊராகப் போய் லேப் கண்ணாடிகளை ஊதி ஒட்டிக்கொடுப்பவர். துருத்தியைக் காலால் மிதித்தார். பர்னரில் தீ நீலமாகச் சீறியது. மூக்கு ஒடிந்த இடத்தையும் புதுக் கண்ணாடித் துண்டையும் சிவக்கக் காட்டிச் சேர்த்தார். பிறகு ஒரு மெல்லிய ட்யூபை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே ஊதினார். தூங்குகிற பிள்ளையின் இமையில் விழுந்த தூசியை ஊதுகிற அளவு மூச்சுதான். தடித்திருந்த இடம் உப்பிச் சமமானது. விரல்கள் குழாயை உருட்டிக்கொண்டே இருந்தன. என் பயத்தையெல்லாம் மறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

கடைசியில் துருத்தியை நிறுத்தி, புகைகிற மஞ்சள் தீயில் ஒட்டிய இடத்தைக் கன்னங்கரேல் என்று ஆகும்வரை காட்டினார்.

"இந்தக் கரிதான், ஆத்தா, இதுக்குப் போர்வை. ஒரு மணி நேரம் தானா ஆறணும். பாத்தா ஆறுன மாதிரி இருக்கும், நம்பிராத. ஈரம் பட்டா படக்குன்னு தெறிச்சிரும்."

மணல் தட்டில் வைத்துவிட்டு இரண்டு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் வரவேண்டிய சார் இரண்டேகாலுக்கே வந்து நின்றார். அவர் கையில் எப்போதும் ஓர் ஈரத்துணி இருக்கும். தூசியைப் பார்த்தால் தானே துடைத்துவிட்டுப் பிறகுதான் திட்டுவார்.

"நாளைக்கு எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வாராக. இதென்னம்மா, அடுப்புல கெடந்தது மாதிரி?"

துணியோடு கை குழாயை நோக்கிப் போனது.

சும்மா இருந்தால் போதும். அது அவர் கையில் தெறிக்கும். உடைத்தவர் அவர் என்றாகும், நான் தப்பித்துவிடுவேன். அந்த ஒரு நொடி எனக்கு அது பிடித்திருந்தது, மறைப்பானேன். ஆனால் அண்ணாச்சி ஊதிய அந்த மூச்சு கண்முன்னே நின்றது. பாய்ந்து போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"தொடாதீக சார்! இப்பத்தான் ஒட்டி வச்சிருக்கு. நாந்தான் ஒடச்சேன்."

சார் என் கையைப் பார்த்தார். நான் விட்டேன்.

"இழுத்தியா?"

"இழுத்தேன் சார்."

"ஒடச்சத எழுதிக் குடு."

ஸ்டூலை இழுத்துப் போட்டுக் குழாயின் எதிரே உட்கார்ந்துகொண்டார். 'ஞானசெல்வியாகிய நான்' என்று தொடங்கிய எழுத்து கோணல்மாணலாக ஓடியது. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். வீட்டில் அம்மாவிடம் என்ன சொல்வது? காகிதத்தை வாங்கிக்கொண்டவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

மூன்றேகால் ஆனதும் உலர்ந்த துணியால் கரியைத் துடைத்தேன். கரி போனது, கண்ணாடி நின்றது. தண்ணீர் விட்டுப் பார்த்தோம். ஒரு சொட்டு கசியவில்லை.

சார் அதை ஜன்னல் வெளிச்சத்தில் உருட்டி உருட்டிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"எந்த எடத்துல ஒட்டுனாக?"

விரலால் தடவித் தேடினேன்.

"தெரியல சார்."

"ஒடஞ்ச எடமே இல்லாம இத நான் எப்படி மேல அனுப்புறது?" காகிதத்தை என்னிடமே நீட்டினார். "போயி ரப்பர் ட்யூப் எடுத்துட்டு வா. கத்திரிக்கோலையும் எடுத்துக்க."