இத்தா இருந்தவள்

"இத்தா இரி தங்கச்சி, ஊர் கதைக்குது" என்று காக்கா ஜவுபர் நச்சரித்தபோது சுபைறா மறுத்துத்தான் பார்த்தாள். ராணுவம் பிடித்துப்போன அவள் கணவன் காலிதீன் மவுத்தாகிவிட்டான் என்று கல்முனை முழுக்கப் பேச்சு. கடைசியில் விதவைக்குரிய வெள்ளைச் சீலையை உடுத்து, புருஷன் மவுத்தானால் இருக்கவேண்டிய நாலு மாதமும் பத்து நாளும் அறைக்குள் முடங்கினாள்.

இத்தா முடிந்த பிறகுதான், ராணுவ முகாமிலிருந்து விடுதலையான தம்பிமுத்து வந்து காலிதீனை அங்கே உயிரோடு கண்டதாகச் சொன்னான். சாட்சி சொல்ல மட்டும் அவனுக்குப் பயம். ஆனாலும் கொழும்பில் ஆட்கொணர்வு மனுப் போட்டார்கள்.

"புருஷனுக்காக இத்தா இருந்தீங்களா?" என்று அரச சட்டத்தரணி கேட்டார்.

சத்தியம் செய்த வாயில் பொய் வரவில்லை. "ஓம்."

மனைவியே இறந்தவராக ஏற்றுக்கொண்ட ஆளை எங்கே தேடுவது என்று மனுவைத் தள்ளுபடி செய்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் ஜவுபர் தலையில் அடித்துக்கொண்டான். "எல்லாம் என்னாலதான், புள்ள."

"இல்ல காக்கா. வெள்ளச் சீலைய உடுத்தது நான். அவர மவுத்தாக்கினதும் நான்தான்."