தொங்கட்டும் அந்த மூடி

என் கணவர் ஒழுங்கானவர். இதைச் சொல்லிச் சொல்லியே அவருடைய அக்கா என் உயிரை வாங்குகிறார். "நீ கொடுத்து வச்சவ" என்பார் நாத்தனார். இந்த ஒழுங்கோடு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே குடித்தனம் நடத்திப் பார்க்கட்டும்.

திறந்து கிடப்பதை மூடாமல், கழன்று கிடப்பதை மாட்டாமல் இவருக்குத் தூக்கம் வராது. நூல் மாற்றலாம் என்று தையல் மெஷினில் பாபினைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனால், திரும்புவதற்குள் அது பழைய நூலோடு உள்ளே போயிருக்கும். ஒரு கல்யாணப் பெண்ணின் வெள்ளைக் கவுனில் கறுப்பு நூல் ஓடியது அப்படித்தான். என் தையலில்தான் இந்த வீட்டில் அடுப்பு எரிகிறது என்பது அவருக்கும் தெரியும்.

எங்களிடம் ஒரு பெட்ரோல் புல்வெட்டி இருக்கிறது. அதைத் தள்ளிக்கொண்டு தோட்டத்தில் ஊர்வலம் போவது அவர். பக்கத்து வீட்டுக்காரர் பாராட்டுவதும் அவரை. அடியில் அப்பிய ஈரப்புல்லைச் சுரண்டுவது, ஆயில் பார்ப்பது, ஏர் ஃபில்டரைத் தட்டி வைப்பது எல்லாம் என் தலையில். "உனக்குத்தான் கை நுணுக்கம்" என்று ஒரு சர்டிஃபிகேட் வேறு.

இன்றும் வெட்டி முடித்து அப்படியே விட்டுப் போனார். நான் முதலில் ஸ்பார்க் பிளக்கின் ரப்பர் மூடியைப் பிடுங்கித் தொங்கவிட்டேன். அது மாட்டியிருந்தால், பிளேடைக் கையால் லேசாகத் திருப்பினால்கூட எஞ்சின் உயிர் பெற்றுவிடும். அதுவும் எங்கள் பழைய வண்டிக்குக் கேட்கவே வேண்டாம். பிறகு ஏர் ஃபில்டர் மேல்பக்கம் வரும்படி வண்டியைச் சாய்த்துச் சுவரில் நிறுத்திவிட்டு, சுரண்டுவதற்குப் பழைய மரக்கரண்டியை எடுக்க உள்ளே போனேன்.

திரும்பி வந்து அடிப்பக்கம் உட்கார்ந்தேன். அங்கிருந்து பிளக் தெரியாது. கரண்டியால் பிளேடைத் தள்ளினேன். படாரென்று ஒரு சத்தம்; எஞ்சின் ஒரு தடவை உதறி நின்றது. கரண்டியின் தலை சுவரில் மோதி விழுந்தது. காம்பு மட்டும் என் கையில் இருந்தது.

எழுந்து அந்தப் பக்கம் பார்த்தேன். மூடி, பிளக்கில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

போட்ட கூப்பாட்டில் ஓடி வந்தார்.

"இதை மாட்டினது யாரு?"

"நான்தான். கழண்டு தொங்கிட்டிருந்துச்சு. நல்லதுதானே பண்ணேன்?"

கரண்டியின் தலையைப் பொறுக்கி அவர் முன்னால் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அதான் ஒண்ணும் ஆகலையே. பழைய கரண்டிதானே, விடு."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பழைய கரண்டியாம்!

"எப்பவும் கையாலதாங்க திருப்புவேன். இன்னைக்கு என்னவோ கரண்டியால தள்ளினேன். இல்லேன்னா அந்தச் சுவத்தோரம் கிடக்கிறது என் விரலு. வாங்க, நீங்க கையை விடுங்க பார்ப்போம். ஒண்ணும் ஆகாதுல்ல?"

ரோஷத்தில் குனிந்து கையை நீட்டினார். பிளேடுக்கு ஒரு சாண் முன்னால் கை நின்றுவிட்டது. அங்கேயே நின்றது. முகம் வெளிறிப்போய், கையை மெல்ல இழுத்துக்கொண்டார்.

 அந்தப் பக்கம் போய் மூடியைப் பிடுங்கி, உள்ளங்கைக்குள் வைத்து இறுக்கிக்கொண்டார். மறு கையால் வண்டியைத் தாங்கிப் பிடித்தார். நான் காம்பை வைத்தே சுரண்டினேன், திட்டிக்கொண்டேதான். அவர் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது.

"உங்க அக்காவாத்தான் இருக்கும். எடுங்க."

"அடிக்கட்டும்" என்றார்.

புல்லெல்லாம் உதிர்ந்து பிளேடு பளிச்சென்று தெரிந்தது. வண்டியை நிமிர்த்தினோம்.

"முடிஞ்சுது. இப்போ மாட்டுங்க" என்றேன்.

மூடியைப் பார்த்தார், என் விரல்களைப் பார்த்தார். அதை மெல்லக் கையிலிருந்து விட்டார்.

"வேண்டாம்மா. நீயே மாட்டிக்கோ."

கட்டிக்கொண்ட நாளிலிருந்து இந்த மனுஷன் ஒரு பொருளைக் கழன்றபடியே விட்டுப் போவதை இன்றுதான் பார்த்தேன். அதற்காக என் கோபம் ஆறிவிடுமா? நானும் மாட்டவில்லை. தொங்கட்டும் என்று விட்டுவிட்டேன். இன்றைக்கு இவர் எப்படித் தூங்குகிறார் என்று நானும் பார்க்கிறேன்.