முன்கூட்டிக் கொடுத்த நேர்த்தி

தொண்ணூறாம் ஆண்டு, இடுப்பில் பிள்ளையும் தலையில் மூட்டையுமாக போருக்குப் பயந்து மயிலிட்டியை விட்டு ஓடிவந்த நாளில் குணலட்சுமிக்கு நாரி நோ, இடுப்பு வலி, தொடங்கியது. இரண்டு வருடமாகியும் குனிந்து முற்றம் கூட்ட முடியவில்லை. கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ள முடியவில்லை. நாட்டு மருந்து தரும் பரியாரியின் எண்ணெய் பலிக்கவில்லை. ஒரு வைத்தியர், "உது சும்மா மனப்பிரமை" என்று அனுப்பிவிட்டார். நோவை விட அந்தச் சொல்தான் அவளை அதிகம் வருத்தியது.

கணவன் தம்பிராசா அவளைச் சைக்கிளில் ஏற்றி, மானிப்பாயில் இருந்த ஐரிஸ் என்ற பெண் டொக்டரிடம் கூட்டிப் போனான். அவர் கால்களை உயர்த்திப் பார்த்தார். முள்ளந்தண்டை ஒவ்வொரு கணுவாக அழுத்திப் பார்த்தார்.

"எலும்பிலையும் நரம்பிலையும் பழுது இல்லை."

"அப்ப நான் நடிக்கிறனோ, டொக்டர்?"

"ஆர் சொன்னது? நோ உண்மை. அண்டைக்குப் பயத்திலை இறுகின உடம்பு இன்னும் இளகேல்லை. நோகாத நாள் ஒண்டும் இல்லையோ?"

"இல்லை" என்றாள் அவள்.

"ஏனில்லை?" என்றான் தம்பிராசா. "ஆட்டுக்குட்டி பங்கர்க் குழிக்குள்ளை விழ, இவதான் பாய்ஞ்சு குனிஞ்சு தூக்கினவ. குட்டியை இறக்கி விட்ட பிறகுதான் 'ஐயோ நாரி' எண்டவ."

"உங்களை ஆர் கேட்டது?"

டொக்டர் சிரித்தார். "நல்ல வேளை சொன்னார். அப்ப குனிய ஏலும். பயப்பிடாமல் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குனியும். இந்த நோ மாறும்."

"மாறினால் பிள்ளையாருக்கு அடியழிக்கிறனெண்டு நேர்த்தி வைச்சிருக்கிறன். கோயில் வீதி முழுக்க விழுந்து விழுந்து கும்பிட வேணும்."

"நான் வேதக்காரி, சேர்ச்சுக்குப் போறவள்; உங்கடை முறை தெரியாது. ஆனால் கிடைக்க முதலே நன்றி சொல்லுறது எங்கடை வழக்கம்."

வெள்ளிக்கிழமை குணலட்சுமி கோயில் கிணற்றடியில் தோய்ந்து, ஈரச் சேலையுடன் கோயிலைச் சுற்றியுள்ள மணல் வீதியில் நின்றாள்.

"எழும்ப ஏலாட்டி நான் தூக்கிக்கொண்டு போறன்" என்றான் தம்பிராசா.

"ஒரு வாளி தண்ணி தூக்கவே மூச்சு வாங்கிற ஆள்!"

முதல் தரம் விழுந்தபோது நாரி சுளீரென்று வலித்தது. "பிள்ளையாரே, உனக்கு நன்றி" என்று சொல்லி எழுந்தாள். மணல் சுட்டது. முன்பின் தெரியாத ஒருத்தி குடத்துடன் வந்து, அவள் விழப்போகும் இடத்தையெல்லாம் நனைத்துக்கொண்டே முன்னால் நடந்தாள். அந்த ஈரத்தில் நெற்றி பட்டபோது குணலட்சுமிக்கு அழுகை வந்தது. இரண்டு வருடமாக இறுகியிருந்த ஏதோ ஒன்று இளகியது. ஒரு சுற்று முடித்தாள்.

மறுமாதம் மோதகத்துடன் டொக்டரிடம் போனாள்.

"மாறீட்டுதோ?"

"முக்கால்வாசி போயிட்டுது, டொக்டர். மோதகம் மிச்சத்துக்கும் சேர்த்துத்தான்."