ஏழாம் கட்டிலின் மணி

ஏழாம் கட்டிலில் இப்போது ஆளில்லை. ஒன்பது நாளுக்கு முன்பு அதில் அர்செனியோ என்ற, மரம் அறுக்கும் மில் தொழிலாளி, இருபத்தாறு வயதுக்காரன், வயிற்று அறுவை முடிந்து படுத்திருந்தான். உள்ளுக்குள் ரத்தம் கசிந்து, நர்சைக் கூப்பிடும் பொத்தானைக் கையில் பிடித்தபடியே விடிவதற்குள் செத்துப்போனான். ஐந்தாறு தடவை அமுக்கினான் என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார். பணியில் இருந்த நர்ஸ் நிமியா, மணி அடிக்கவே இல்லை என்றாள். யார் நம்பினார்கள்? நன்றாகத் தூங்கியிருப்பாள் என்று என்கார்னாசியோன் ஊரே பேசியது.

மூன்று மணிக்கு விசாரணை. அதற்குள் அந்தக் கட்டிலின் வயரைச் சோதித்துத் தாள் கொடுக்க வேண்டும். வயர் பழுது என்றால் நிமியா தப்பினாள், நன்றாக இருக்கிறது என்றால் அவளுக்குச் சிறைதான். சோதிக்க வந்தவள் சுனில்டா. இரண்டு வருடம் முன்பு அந்த ஆஸ்பத்திரிக் கட்டடம் முழுக்க வயர் இழுத்தவளும் அவளே. செய்தவளையே சரிபார்க்க அனுப்புகிற கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

மழை பெய்துகொண்டிருந்தது. நடையில் பெஞ்சில் நிமியா ஃபிளாஸ்கோடு உட்கார்ந்திருந்தாள். குவளையில் தெரெரே என்ற குளிர்ந்த இலைப் பானத்தை ஊற்றி, உறிஞ்சுகுழலைச் சுனில்டா பக்கம் திருப்பி நீட்டினாள்.

"நல்லாப் பாரு கண்ணு. பதினெட்டு வருஷத்துல ஒரு நாள் கண்ணசந்ததில்ல. அது அடிக்கவே இல்ல."

சுனில்டா ஒரே இழுப்பில் குடித்துவிட்டு, நன்றி என்று குவளையைத் திருப்பித் தந்தாள். நன்றி சொன்னால் அடுத்த சுற்று வேண்டாம் என்று அர்த்தம். அந்தப் பெண்ணின் கையால் இன்னொரு வாய் குடிக்க அவளுக்குத் தைரியமில்லை.

ஏனென்றால் அந்த வயர் கெட்டது என்று அவளுக்குத் தெரியும். கட்டடத் திறப்பு விழாவுக்கு முதல் நாள் ஏழாம் எண் வயர் சோதனையில் தேறவில்லை. கூரைக்கு மேல் எங்கோ கோளாறு, பிரித்தால் விழா கெடும் என்று நினைத்தாள். எட்டாம் எண்ணை மறுபடி சோதித்து, ஏழு என்று பெயர் போட்டுச் சேமித்துவிட்டாள். தம்பிக்காக அண்ணன் பரீட்சை எழுதுகிற மாதிரி. அந்தத் தொழிலில் இதைச் செய்யாதவர்கள் குறைவு. விழா முடிந்ததும் வந்து சரிசெய்துவிடலாம் என்றுதான் இருந்தாள். வரவே இல்லை. அந்தச் சோதனைத் தாளில் கையெழுத்தும் அவளுடையது.

சோதனைக் கருவியின் ஒரு பாதியை வயர் அறையில் மாட்டிவிட்டு, மறு பாதியைக் கட்டிலோரச் சாக்கெட்டில் செருகினாள். தேறவில்லை என்று சிவப்பு எழுத்து வந்தது. சாட்சியாகக் கூட நிற்க வேண்டிய விசாரணை எழுத்தர் வாசலில் ஃபோனுக்குள் தலையை விட்டிருந்தார்.

சாக்கெட்டைத் திருகிக் கழற்றினாள். கூரையில் ஒரு கோளாறும் இல்லை. எட்டுக் கம்பிகளில் நீலக்கம்பி மட்டும் இடுக்கில் பாதிதான் இறங்கியிருந்தது. தொட்டால் உண்டு, விட்டால் இல்லை. அவள் கையால் அழுத்திய கம்பி. பாவி, ஐந்து நிமிட வேலைக்கு ஓர் உயிர்!

அப்படியே விட்டுவிட்டு, கெட்டது என்று எழுதியிருக்கலாம். ஆனால் பழைய தாளை எடுப்பார்கள், கையெழுத்தைப் பார்ப்பார்கள். கத்தரியை எடுத்துப் பழைய நுனியை வெட்டினாள். கம்பிகளைப் புதிதாக இறக்கி அழுத்தி மூடினாள். மறுபடி சோதித்தாள். பச்சை. வெட்டிய துண்டு சட்டைப் பைக்குள் போனது.

வயர் நன்றாக இருக்கிறது என்ற தாளை எழுத்தர் வாங்கி, யாரும் கேட்காமலே நிமியாவிடம் காட்டினார். அவள் இரண்டு தடவை படித்தாள். கத்துவாள், தாளைக் கிழிப்பாள் என்று சுனில்டா சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

"உன் மெஷின் தப்பாச் சொல்லுமா கண்ணு?"

"சொல்லாதுக்கா."

அது உண்மைதான்.

நிமியா ஃபிளாஸ்க் மூடியைத் திருகி மூடினாள்.

"அப்ப மணி அடிச்சிருக்கு. நான்தான் தூங்கியிருக்கேன். தூங்குனதுகூடத் தெரியாமத் தூங்கியிருக்கேன் பாரு. ஒம்பது நாளா அந்தப் பையனோட அம்மா மூஞ்சிக்கு நேரா, அடிக்கலன்னு சாதிச்சிட்டேனே."

சுனில்டா குனிந்து கருவியைப் பெட்டியில் வைத்தாள்.

"அந்தம்மா கீழ வாசல்ல நிக்கிறாங்க. விசாரணைக்கு முன்னாடி போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடுறேன். இதைக் கொஞ்சம் பாத்துக்கோ" என்று நிமியா ஃபிளாஸ்கையும் குவளையையும் அவள் கையில் கொடுத்துவிட்டு நடந்தாள்.

"அக்கா!"

நிமியா படிக்கட்டின் மேல்படியில் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். பைக்குள் கம்பித் துண்டு சுனில்டாவின் மார்பில் குத்தியது. வாய் திறந்தது.

"படி ஈரமா இருக்கு. பாத்துப் போங்க" என்றாள்.