ஈஜோக்குக்கு ஒரு ஸ்டேசன்

மலேசியாவில் சுங்கை பூலோவிலிருந்து கோலசிலாங்கூர் வரைக்கும் ரயில் பாதையை நீட்டத் திட்டம் வரைந்த நிறுவனத்தில்தான் முரியலுக்கு வேலை. அவள் பிறந்து வளர்ந்ததோ வழியிலிருக்கும் ஈஜோக் பக்கத்தில், தோட்டத் தொழிலாளர் லயத்தில். அதனால்தான், ஈஜோக் ஸ்டேசனைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடலாம் என்று மேலாளர் தனபாலன் சொன்னபோது அவளுக்குச் சுருக்கென்றது.

"அங்க யாரு ஏறப் போறா முரியல்? பாதிப் பேருகிட்ட மோட்டார் சைக்கிள் இருக்கு. மிச்சப் பேருக்கு பெக்டரி வேன்."

"ரயிலே இல்லாத ஊருல யாரு ஏறுவாங்கன்னு எப்படி பாஸ் தெரியும்? ஸ்டேசன் வரப்போற எடத்துலேருந்து சுங்கை பூலோவுக்கு ஒரு பஸ் விட்டுப் பாப்போம். ஆளு வரலன்னா நானே எடுத்துடுறேன்."

தனபாலன் அரைமனதாகச் சம்மதித்தார்.

முதல் நாள் பஸ்ஸில் ஓட்டுநர் அழகேசனும் அவளும்தான். மறுநாளும் அதே கதை.

"காத்து வாங்கவா தங்கச்சி பஸ் விட்டீங்க?" என்று சிரித்தார் அழகேசன். முரியலுக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த நாள் விடியுமுன்பே வந்து நின்றாள். அப்போதுதான் விசயம் புரிந்தது. இருட்டிலேயே சுங்கை பூலோ தொழிற்சாலை வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போயின. அவள் பஸ் வரும்போது ஊரே வேலைக்குப் போய்விட்டிருக்கும்! ஆபீஸ்காரர்களின் நேரத்தை வைத்துக்கொண்டு தொழிற்சாலைக்காரர்களைத் தேடியிருக்கிறாள்.

வேனுக்குக் காத்திருந்த நல்லம்மாளிடம் பேச்சுக் கொடுத்தாள். "அக்கா, வேன் வசதியா இருக்கா?"

"என்னா வசதி? ஓவர்டைம் செஞ்சா திரும்பி வர வேன் கெடையாதும்மா. மவன் மோட்டார எடுத்துட்டு வரணும். மழ பெஞ்சா, அவன் வந்து சேர்ற வரைக்கும் வயித்துல நெருப்புதான்."

முரியல் நேரத்தை மாற்றினாள். விடியுமுன் ஒரு பஸ், ஓவர்டைம் முடிந்து ஒரு பஸ். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் சொன்னாள். ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் சொன்னாள்.

திங்கட்கிழமை நல்லம்மாள் தன்னோடு வேலை செய்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்த வாரம் முடிவதற்குள் பஸ்ஸில் உட்கார இடமில்லை. "உள்ள தள்ளிப் போங்க லா!" என்று அழகேசன் தொண்டை கட்டக் கத்தினார். இன்னொரு பஸ்ஸும் விட வேண்டியதாயிற்று.

நம்பாமல் பார்க்க வந்த தனபாலன் சுங்கை பூலோ வரை நின்றுகொண்டே போனார். இறங்கும்போது சட்டை கசங்கியிருந்தது, முகம் மலர்ந்திருந்தது. "தப்பா நெனச்சுட்டேன் முரியல். ஸ்டேசன எடுக்க வேணாம்னு மேல சொல்லிடுறேன். முடிவானதும் ஊரு மக்கள்கிட்ட நீயே போய்ச் சொல்லு."

முடிவு உறுதியானதும் ஈஜோக் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். முரியல் மலாய் மொழியில் சொல்லிவிட்டு, சந்தோசம் தாங்காமல் தமிழிலும் சொன்னாள்: "நம்ம ஈஜோக்குல ரயிலு நிக்கும்!"

கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. நல்லம்மாள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"அப்ப என் பஸ்ஸு?" என்று பின்வரிசையிலிருந்து குரல் கொடுத்தார் அழகேசன்.

"தோட்டந்தோட்டமா போயி ஸ்டேசனுக்கு ஆள ஏத்திட்டு வரணுமே அண்ணே! ஒங்களுக்கு இனிமேதான் வேலையே!"