நூற்று இருபது பேரின் ரத்த அழுத்தம்

மருத்துவ அறிவியல் என்னும் மாளிகை உண்மை என்ற ஒற்றைத் தூணின் மேல் நிற்கிறது. அந்தத் தூணில் கீறல் விழச் செய்பவனை மனித குலம் மன்னிக்காது. டாக்டர் ஸ்ரீவத்சன் தன் எம்.டி. தீசிஸின் முன்னுரையை இப்படித்தான் தொடங்கியிருந்தான். அந்த வரி, இரண்டு வருடம் முன்பு படித்துவிட்டுப் போன ஒரு சீனியரின் தீசிஸிலிருந்து எடுத்தது. அவர் எதிலிருந்து எடுத்தார் என்பது தெரியவில்லை.

புனேயின் பழைய பேட்டைகளில் மதியம் ஒன்று முதல் நான்கு வரை கடையை அடைத்துவிட்டுத் தூங்கும் வியாபாரிகளுக்கு ரத்த அழுத்தம் குறைவாக இருக்கிறதா? இதுதான் ஸ்ரீவத்சனின் தலைப்பு. தூங்கி எழுந்த கையோடு அளக்க வேண்டும். அருமையான தலைப்பு, ஒரே சிக்கல், கடை பூட்டியிருந்தது. தட்டி எழுப்பினால் ஆராய்ச்சி கெட்டது, எழுப்பாவிட்டால் ஆராய்ச்சியே இல்லை. ஷீலா என்ற பயிற்சி டாக்டர் வெயிலில் காத்துக் கிடந்து பத்துப் பேரை அளந்து கொடுத்தாள். அவள் வேறு துறைக்குப் போனதும், மீதி நூற்றுப்பத்துப் பேரை ஸ்ரீவத்சன் மகர்பட்டாவில் தன் ஃப்ளாட்டின் பால்கனியில் உட்கார்ந்து, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் உண்டாக்கினான்.

ஏனோதானோ என்று செய்தான் என்று யாரும் சொல்ல முடியாது. ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, கடை எல்லாம் இருந்தன. 127, 133, 141 என்று எண்களை இயற்கையாகச் சிதறவிட்டான். பித்தளைப் பாத்திரக் கடைக்காரர் ஒருவருக்குச் சர்க்கரை நோய் வைத்து, பிறகு பாவம் என்று எடுத்தும்விட்டான்.

துறையில் சீனியர் ரெசிடென்ட் வேலை ஒன்றே ஒன்று காலியாகப் போகிறது. யாருடைய தீசிஸ் சிறந்ததோ அவருக்கே அது என்று துறைத் தலைவர் பாலச்சந்திரன் அறிவித்துவிட்டார். போட்டியில் இருவர். கிடைக்காவிட்டால் கும்பகோணத்தில் மாமனார் கட்டி முடித்து, பெயர்ப்பலகையும் எழுதி வைத்திருக்கும் நர்சிங் ஹோமுக்கு ஸ்ரீவத்சன் போயாக வேண்டும். பலகையில் மாமனார் பெயர் பெரிதாகவும் அவன் பெயர் சிறிதாகவும் இருந்தது.

போட்டியின் இன்னொரு ஆள் விஜய். புனேயில் தமிழர்கள் நிறைந்த போபோடியில் பிறந்து வளர்ந்தவன், அப்பா கட்கி ஆயுதத் தொழிற்சாலையில் ஃபிட்டர். ஷிப்டு வேலை பார்க்கிறவர்களின் ரத்த அழுத்தம் அவன் தலைப்பு. ஒரு திங்கட்கிழமை கேண்டீனில் அவன் சாதாரணமாகச் சொன்னான்:

"ஹோ கயா ஸ்ரீ. நூத்தி இருவதும் முடிஞ்சிடுச்சி. வூடு வூடா போயி எடுத்தேன்."

"டியூட்டி பாத்துண்டு எப்படிடா நேரம் கெடச்சுது?"

"ஸ்கூட்டர் இருக்குல்ல? ஷிப்டு விட்டதும் போனா எல்லாம் வூட்லதான் இருப்பாங்க. உன் சேட்டுங்க மாதிரி ஷட்டரைப் போட்டுட்டுத் தூங்க மாட்டாங்க."

ஸ்ரீவத்சன் கடித்த வடாபாவைத் தட்டில் வைத்தான். நூற்று இருபது பேரை உண்மையிலேயே அளப்பதா? மூன்று வருடத்தில் அந்தத் துறையில் அப்படி ஒன்று நடந்ததாக அவன் கேள்விப்பட்டதே இல்லை. ஆக, இவன் பொய் சொல்கிறான்.

அன்றைக்கே துப்புத் துலக்க ஆரம்பித்தான். துறைக் கம்ப்யூட்டரில் விஜயின் அட்டவணை இருந்தது. அதில் இருந்த ஒரு எண்ணுக்குப் போன் போட்டான். போபோடியிலிருந்து தமிழரசி என்ற பெண் பேசினாள்.

"ஆமா, விஜய் டாக்டர் ரெண்டு தபா வந்தாரு. பி.பி. பாத்தாரு, உப்பைக் கொறைன்னாரு. ஏன், அவருக்கு எதனா ஆயிடுச்சா?"

"இப்படிச் சொல்லணும்னு யார் சொல்லிக் குடுத்தாம்மா?"

"க்யா பாகல்பன்! பைத்தியமா உங்களுக்கு? மொதல்ல உங்க பி.பி.ய யாராச்சும் பாத்தாங்களா?"

இணைப்பு துண்டிக்கப்பட்டது. 'பதில் தயாராக இருந்தது. மிகவும் சந்தேகத்துக்குரியது' என்று குறித்துக்கொண்டான்.

அடுத்து வார்டு சிஸ்டர் ஸ்டெல்லா. துறையின் டயல் வைத்த பி.பி. கருவி அவள் பொறுப்பில் இருந்தது. வெளியே கொண்டு போனால் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். நோட்டு முழுக்க விஜயின் கையெழுத்து.

"தினம் வந்து வாங்கினு போவாரு டாக்டர். காலைல வந்து குடுத்துடுவாரு."

எவ்வளவு திட்டமிட்ட மோசடி, கருவியைக்கூட வீட்டுக்குக் கொண்டு போயிருக்கிறானே என்று ஸ்ரீவத்சன் வியந்தான்.

"உங்களுக்கும் வேணுமா?" என்றாள் ஸ்டெல்லா. "மூணு வருஷமா நீங்க கேக்கவே இல்லியே."

"வேண்டாம் சிஸ்டர். என் வேலை முடிஞ்சாச்சு."

கடைசியில், புதன்கிழமை மதியம், அட்டவணையை வரிவரியாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது பொறி தட்டியது. 138, 142, 126, 150, 134. நூற்று இருபது பேரில் ஒருவருக்குக்கூட ஒற்றைப்படை இல்லை. மறுபடி எண்ணினான். இல்லவே இல்லை. கடவுள் படைத்த மனித உடம்பு இப்படிக் கணக்குப் பார்த்தா ரத்தத்தை ஓடவிடும்? தன் அட்டவணையில் பார்த்துப் பார்த்துச் சிதறவிட்ட ஒற்றைப்படைகளை நினைத்துப் பெருமூச்சு விட்டான். அவனை உறுத்தியது பொய் அல்ல, அந்தப் பொய்யில் இருந்த சோம்பேறித்தனம்.

மூன்று மணிக்குத் துறைத் தலைவர் அறையில் இருந்தான். பாலச்சந்திரன் முப்பது வருடப் புனேவாசி. தமிழ் ரெசிடென்ட்களிடம் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு தமிழில் பேசுவார். பரிசீலனைக்கு வந்த இரண்டு தீசிஸும் மேஜைமேல் இருந்தன. ஸ்ரீவத்சனுடையது தங்க எழுத்தில் பைண்ட் செய்தது.

"தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்ல சார். சயின்ஸ் நல்லா இருக்கணும்னுதான் சொல்றேன்" என்று தொடங்கி, எல்லாவற்றையும் கொட்டினான். "ஐ.சி.யூ. மானிட்டரைப் பாருங்கோ சார், பாதி ஒத்தப்படைதான் ஓடும். இவனுக்கு மட்டும் எல்லாமே ரெட்டைப்படை. வீட்ல உக்காந்து எழுதியிருக்கான் சார்."

பாலச்சந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விஜயின் பக்கங்களைப் புரட்டினார்.

"ஆமாம்ப்பா. எல்லாம் ரெட்டைப்படைதான். நீ எந்த மெஷின்ல எடுத்தே?"

"டிபார்ட்மென்ட் டயல் கருவிதான் சார். தீசிஸ்லயே எழுதியிருக்கேன். நூத்தி இருவது பேரையும் அதுலதான்."

"நானே எடுத்தேன்னும் எழுதியிருக்கியோ?"

"ஆமா சார்."

பாலச்சந்திரன் மணியடித்து ஸ்டெல்லாவிடமிருந்து கருவியை வரவழைத்தார். சட்டைக் கையை மடித்து, கையை மேஜைமேல் நீட்டினார்.

"எனக்குக் காலையிலேர்ந்து தலை கனமா இருக்கு. கொஞ்சம் பாரேன்."

ஸ்ரீவத்சன் பட்டையைச் சுற்றினான். முதலில் தலைகீழாக, பிறகு சரியாக. இந்தக் கருவியை அவன் கடைசியாகத் தொட்டது எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வில், வார்டில் எல்லாம் மானிட்டரே அளந்து எண்ணைத் திரையில் காட்டிவிடும். பல்பை அமுக்கினான், காற்றை விட்டான், ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்ட இடத்தில் முள்ளைப் பார்த்தான். நூற்று நாற்பதுக்கும் நூற்று ஐம்பதுக்கும் நடுவே நான்கே நான்கு சின்னக் கோடுகள்.

"எவ்ளோப்பா?"

"நூத்தி நாப்பத்தாறு சார்."

"நாப்பத்தேழு இருக்கா பாரு."

ஸ்ரீவத்சன் குனிந்து பார்த்தான். இன்னும் கிட்டே போய்ப் பார்த்தான்.

"நாப்பத்தேழுக்குக் கோடு இல்ல சார்."

"நாப்பத்தஞ்சுக்கு?"

"அதுக்கும் இல்ல சார். ரெண்டு ரெண்டாத்தான் போட்டிருக்கு."

பாலச்சந்திரன் பட்டையைத் தானே அவிழ்த்துவிட்டு, தங்க எழுத்துத் தீசிஸைத் தன் பக்கம் இழுத்து, கடைசிப் பக்கங்களில் இருந்த அட்டவணையைத் திறந்தார். சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு ஒற்றைப்படை எண்ணுக்கும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போனார். ஸ்ரீவத்சன் நின்றுகொண்டிருந்தான். உட்காரச் சொல்லவில்லை.

மொத்தம் ஐம்பத்தெட்டுப் புள்ளிகள்.