காகிதத்தில் விழுந்த நீளத் துளைகள்

அந்த ஆகஸ்ட் முழுவதும் வெர்னா, துப்பாக்கியால் சுட்டு முடித்த இலக்குத் தாள்களை வேறு யாரும் பார்ப்பதற்கு முன்பே கழற்றி அடுப்பில் போட்டுக்கொண்டிருந்தாள். அவளே கூட அவற்றைச் சரியாகப் பார்க்கவில்லை. துளைகள் தாளெங்கும் சிதறிக் கிடந்தன என்பதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்?

அமெரிக்காவின் ஐடஹோ மலைகளுக்கு நடுவே இருந்த அந்தத் துப்பாக்கி சுடும் கிளப்பில், கரிமருந்தையும் குண்டையும் குழலின் வாய்வழியாகக் கெட்டிக்கும் பழைய பாணித் துப்பாக்கிகள்தான். மேஜையில் சாய்த்துச் சுட்டால் கேலி செய்வார்கள். நின்றுதான் சுட வேண்டும். அதனால் குறி தப்பினால் யாரும் துப்பாக்கியைச் சந்தேகிப்பதில்லை, கையைத்தான்.

அவளுடைய அப்பாவுக்குக் கை நடுக்கம் தொடங்கியது இதே வயதில். முதலில் கையிலிருந்து கரண்டி நழுவியது, பிறகு எல்லாமே. வெர்னா ஆற்றோரத்து மலைச்சாலையில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். இன்றும் குறி சிதறினால் திங்கட்கிழமை பேருந்துச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

தங்கை புருஷன் ஆரின் அழைக்காமலே கூட வந்திருந்தான்.

"சுட்டது போதும், வா. பின்னாடி நிக்கிற அந்த மலை என்ன பாவம் பண்ணிச்சு?" என்றான்.

"வாயை மூடு, ஆரின்."

அவள் துப்பாக்கியைத் தாழ்த்துவதற்குள் அவன் இலக்கை நோக்கி நடந்துவிட்டான். தாளருகே நின்றவன் வெகுநேரம் திரும்பவே இல்லை.

"வெர்னா, இங்க வா."

"வேணாம். தெரியும்."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. வந்து பாரு!"

தாளில் இருந்தவை வட்டத் துளைகள் அல்ல. குண்டு பக்கவாட்டில் படுத்துக்கொண்டு கிழித்துப் போன நீளத் துளைகள். ஒன்றில் அதன் முழு உருவமே அச்சாக விழுந்திருந்தது.

"குண்டு குட்டிக்கரணம் அடிச்சிக்கிட்டுப் போயிருக்கு. என்ன போட்ட?"

"எப்பவும் போடறதுதான். எல்க் மான் வேட்டைக்குன்னு வச்சிருக்கிற அந்தக் கனமான கூம்புக் குண்டு."

"எப்பவும்னா? உன் பழைய துப்பாக்கியில. அதோட மரக்கட்டை பிளந்து போய், வசந்தத்துல இதை வாங்கினியே, இதோட குழலுக்குள்ள வரி முறுக்கு எவ்வளவுன்னு பாத்தியா?"

அவள் பார்க்கவில்லை. கிளப்பில் ஒருவர்கூடக் கேட்கவும் இல்லை.

குழல் காலியா என்று ஆரின் இருமுறை சோதித்தான். கெட்டிக்கும் கோலின் நுனியில் துணியை இறுக்கிச் சுற்றி அடிவரை தள்ளினான். கோலின் தலையில் கரியால் ஒரு கோடு கிழித்து மெல்ல வெளியே இழுத்தான். குழலுக்குள் ஓடும் வரிப்பள்ளங்களின் வழியே கோல் திரும்பியது. முழுவதும் வெளியே வந்தபோது பாதிச் சுற்றுகூட ஆகியிருக்கவில்லை.

"சோம்பேறிக் குழல். நீளக் குண்டு பம்பரம் மாதிரி, வேகமாச் சுத்தினாத்தான் நிமிந்து நிக்கும். இது அதைச் சுத்தியே விடல. உருண்டைக் குண்டுக்குத் தலையும் இல்ல, வாலும் இல்ல. அதுக்கு இந்த முறுக்கே தாராளம்." தன் தோல்பையைத் திறந்தான். "உன் குழலும் என் குழலும் ஒரே அளவுதான். இந்தா."

கொழுப்புத் தடவிய துணியில் ஈய உருண்டையைப் பொதிந்து அவளே கெட்டித்தாள். நின்றபடியே சுட்டாள். புகை கலைவதற்குள் அடுத்ததைக் கெட்டித்தாள். ஒவ்வொரு முறையும் கை எப்படி இருக்கிறது என்று கவனித்தாள். கை கை போலவே இருந்தது.

இந்த முறை அவளே நடந்து போனாள். எல்லாம் வட்டத் துளைகள். உள்ளங்கையை வைத்தால் மறைந்துவிடும் இடத்துக்குள் அடங்கியிருந்தன.

அவள் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"அட, ஒரு துப்பாக்கிக்குப் போயா அழுவாங்க?" என்றான் ஆரின்.

அப்போதுதான் சொன்னாள். அப்பாவைப் பற்றி, பேருந்தைப் பற்றி, திங்கட்கிழமையைப் பற்றி. ஆரின் தொப்பியைக் கழற்றினான். பக்கத்தில் உட்கார்ந்தான்.

"டாக்டரை மட்டும் ஒரு தடவை பாத்துடு."

"பாக்கறேன். நேத்து கேட்டிருந்தா மாட்டேன்னிருப்பேன்."

"பெட்டி நிறைய இருக்கே கூம்பு, அதை என்ன பண்ணப்போற?"

"உருக்கி உருண்டையா வார்த்துடுவேன்" என்றாள் வெர்னா.